9 மி.மீ.யா, .45-ஆ? கைத்துப்பாக்கித் தோட்டாச் சண்டையின் கதை

1986 ஏப்ரல் 11-ஆம் தேதி காலை, அமெரிக்காவின் மயாமி நகரத்துக்குத் தெற்கே ஒரு குடியிருப்புப் பகுதியில், வங்கிக் கொள்ளையர்கள் இருவர் போன காரை எஃப்.பி.ஐ. ஆட்கள் மடக்கினார்கள். கொள்ளையர்களின் பெயர் மைக்கேல் பிளாட், வில்லியம் மேட்டிக்ஸ். இருவருமே ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்கள். எதிரே எட்டு ஏஜெண்டுகள். ஐந்து நிமிடம்கூட நீடிக்காத அந்தச் சண்டையில் ஏறக்குறைய 145 குண்டுகள் சுடப்பட்டன. முடிவில் கொள்ளையர் இருவரும் செத்துக் கிடந்தார்கள். ஜெர்ரி டோவ், பெஞ்சமின் குரோகன் என்ற இரண்டு ஏஜெண்டுகளும் உயிரிழந்தார்கள். இன்னும் ஐந்து ஏஜெண்டுகளுக்குக் காயம்.

அந்த 145 குண்டுகளில் ஒன்றே ஒன்றைப் பற்றித்தான் பிற்பாடு பக்கம் பக்கமாக எழுதினார்கள். சண்டை தொடங்கிய கொஞ்ச நேரத்தில், பிளாட் காரின் ஜன்னல் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தபோது, டோவ் சுட்ட 9 மி.மீ. குண்டு அது. வலது மேற்கையில் நுழைந்து, கையைத் துளைத்து வெளியே வந்து, மறுபடி நெஞ்சுக்குள் புகுந்து, வலது நுரையீரலைக் கிழித்து, இதயத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. பிழைக்க முடியாத காயம்தான் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அது பிளாட்டுக்குத் தெரியாதே! அதற்கப்புறமும் நிமிடக்கணக்கில் ரூகர் மினி-14 ரைஃபிளால் சுட்டுக்கொண்டே இருந்தான். டோவும் குரோகனும் செத்தது அந்தக் காயத்துக்குப் பிறகுதான். போதையில் இருந்தானோ என்று ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. கடைசியில் எட்மண்டோ மிரேலஸ் என்ற ஏஜெண்ட், இடது முன்கை நொறுங்கிப்போன நிலையில், ஷாட்கன்னை ஒற்றைக் கையால் இயக்கி, பிறகு ரிவால்வரோடு நெருங்கிப் போய்ச் சண்டையை முடித்தார்.

வீட்டில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனித உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008-இல் ஹெல்லர் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த நாட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, ‘எந்த காலிபர் எடுக்கலாம்?’ இன்று அதற்குப் பெரும்பாலும் ‘9 மி.மீ. எடுங்க’ என்றுதான் பதில் வருகிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அதே கடையில் அதே ஆள் ‘.40 எடுங்க’ என்றிருப்பார். அதற்கும் முன்னால் ‘.45-க்குக் கீழே தொடவே தொடாதீங்க’ என்றிருப்பார். மனித உடம்பு இதற்கிடையே மாறவில்லை. மாறியது என்ன என்பதுதான் விஷயம்.

முதலில் அளவுகளைச் சொல்லிவிடலாம். காலிபர் என்பது குண்டின் விட்டம், அவ்வளவுதான். (குண்டும் மருந்தும் சேர்ந்த முழு உருளைதான் தோட்டா.) .45 என்றால் அங்குலத்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு, அதாவது சுமார் 11.4 மி.மீ. 9 மி.மீ. குண்டை அங்குலத்தில் சொன்னால் .355. இரண்டுக்கும் நடுவே .40. பெயரை மட்டும் நம்பக் கூடாது: .38 ஸ்பெஷல் ரிவால்வர் குண்டின் உண்மையான அளவு .357; .380 ஏ.சி.பி. என்பது வேறொரு சின்ன பிஸ்டல் தோட்டா, அதன் குண்டு 9 மி.மீ. குண்டின் அதே விட்டம். ஒன்றை வாங்கிப் போய் இன்னொன்றில் போட முடியாது. விட்டம் ஒரே மாதிரி இருந்தாலும் தோட்டாவின் நீளமும் உள்ளே இருக்கும் மருந்தும் வேறு.

.45 மீதான பக்தி பிலிப்பைன்ஸில் தொடங்கியது. ஸ்பெயினிடமிருந்து அந்தத் தீவுகளை வாங்கிக்கொண்ட அமெரிக்கப் படை, தெற்கே மோரோ முஸ்லிம்களோடு மோதியது. வீரர்கள் கையில் .38 லாங் கோல்ட் ரிவால்வர். பல தடவை சுடப்பட்ட பிறகும் வாளோடு பாய்ந்து வந்து வெட்டினார்கள் என்று புகாருக்கு மேல் புகார். 1904-இல் ராணுவம் இரண்டு அதிகாரிகளைச் சோதனை நடத்தச் சொன்னது. ஒருவர் ஜான் தாம்ஸன், பின்னாளில் தாம்ஸன் சப்மெஷின்கன்னுக்குத் தன் பெயரைக் கொடுத்தவர். மற்றவர் ராணுவ மருத்துவர் லூயி லகார்ட். சிகாகோவின் இறைச்சிக் கூடங்களில் உயிருள்ள மாடுகளைச் சுட்டார்கள். மருத்துவத்துக்கு வந்த பிணங்களைத் தொங்கவிட்டுச் சுட்டு, எவ்வளவு ஆடுகின்றன என்று பார்த்தார்கள். இன்றைய கண்ணால் பார்த்தால் கொடூரம். அறிவியல் என்ற வகையிலும் ரொம்பத் தளர்வு. ஒரே மாட்டை எத்தனை தடவை, எங்கே சுட்டார்கள் என்பதே சீராக இல்லை.

அவர்கள் எழுதிய முடிவு: ராணுவக் கைத்துப்பாக்கி .45-க்குக் குறையக் கூடாது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 ஏ.சி.பி. தோட்டாவும் 1911-இல் ராணுவம் ஏற்றுக்கொண்ட எம்1911 பிஸ்டலும் அந்த வரியோடு ஒத்துப்போய், அதற்கப்புறம் மூன்று தலைமுறை அமெரிக்கர்களுக்கு .45 என்பது கிட்டத்தட்ட மதம். அதே அறிக்கையில் இன்னொரு பகுதியும் உண்டு. உடம்பின் பெரும்பாலான இடங்களில் எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டு பட்டாலும் ஆள் உடனே விழுவான் என்ற நம்பிக்கை வேண்டாம், ஆகவே வீரர்களுக்குக் குறிபார்த்துச் சுடுவதில் விடாத பயிற்சி கொடுங்கள் என்று அதில் இருக்கிறது. .45-ஐ மேற்கோள் காட்டியவர்கள் இந்தப் பகுதியை அனேகமாகத் தாண்டிப் போய்விட்டார்கள். நூறு வருஷம் கழித்து எஃப்.பி.ஐ. வந்து நின்ற இடமும் ஏறக்குறைய இதுதான் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

பெரிய குண்டு ‘ஆளைத் தூக்கி எறியும்’ என்ற நம்பிக்கையை முதலில் கழற்றி வைத்துவிடலாம். .45 குண்டின் எடை சுமார் 15 கிராம், வேகம் வினாடிக்கு 260 மீட்டர். பெருக்கினால் வரும் உந்தம், நல்ல வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 140 கிலோமீட்டரில் வீசும் கிரிக்கெட் பந்தின் உந்தத்தைவிடக் குறைவு. பந்து நெஞ்சில் பட்ட பேட்ஸ்மேன் வலியில் குனிவார். பின்னால் பறந்து போய் விழமாட்டார். எழுபது கிலோ ஆள் ஒருவர் மீது .45 பட்டால் அவர் உடம்புக்குக் கிடைக்கும் தள்ளல் வினாடிக்கு ஐந்தாறு சென்டிமீட்டர்தான். தவிர, குண்டு எவ்வளவு தள்ளுமோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே துப்பாக்கி, சுட்டவரின் கையைப் பின்னால் தள்ளியிருக்கும். சினிமாவில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பறக்கிறவர்களை இழுப்பது கயிறு.

அப்படியானால் சுடப்பட்டவர் ஏன் விழுகிறார்? மயாமிக்குப் பிறகு எஃப்.பி.ஐ. 1987-இல் காய மருத்துவர்களையும் ஆயுத நிபுணர்களையும் கூட்டி உட்காரவைத்துக் கேட்ட கேள்வி இது. 1989-இல் வெளியான அவர்களுடைய அறிக்கை இன்று படித்தாலும் தெளிவாக இருக்கிறது. கைத்துப்பாக்கிக் குண்டு ஒருவரை உடலளவில் நிறுத்த இரண்டே வழி. ஒன்று, மூளையிலோ மேல் தண்டுவடத்திலோ படவேண்டும். இல்லாவிட்டால், இதயமோ பெரிய ரத்தக் குழாயோ கிழிந்து ரத்த அழுத்தம் சரியவேண்டும். இரண்டாவதற்கு நேரம் பிடிக்கும். இதயமே சிதைந்துபோனாலும், மூளையில் ஏற்கெனவே இருக்கும் ஆக்ஸிஜனை வைத்துக்கொண்டு ஒருவர் பத்துப் பதினைந்து வினாடி தன் விருப்பப்படி இயங்க முடியும். பத்து வினாடி என்பது நிறைய நேரம். அதற்குள் ஒரு மேகசின், அதாவது பிஸ்டலுக்குள் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டி, முழுவதையும் காலி செய்துவிடலாம்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது மனம். சுடப்பட்டவர்களில் நிறையப் பேர் உடம்பு நின்றதால் நிற்பதில்லை. சுட்டுவிட்டார்கள் என்ற அதிர்ச்சியில் விழுகிறார்கள், ஓடுகிறார்கள், ஆயுதத்தைப் போட்டுவிடுகிறார்கள். துப்பாக்கியை நீட்டியதுமே ஓடிவிடுகிறவர்களும் உண்டு. அந்த ஆட்களிடம் .22-உம் .45-உம் ஒன்றுதான். பிரச்சினை, பிளாட் மாதிரி விழ மறுக்கிறவர்களிடம்தான். ‘ஒரே குண்டில் வீழ்த்தும் சதவீதம்’ என்று காலிபர் வாரியாகப் பட்டியல் போட்டவர்கள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரொம்பப் பிரபலம். உடம்பு விழுந்ததையும் மனம் விழுந்ததையும் ஒரே கணக்கில் சேர்த்ததால், அந்தப் பட்டியல்களை வைத்துக் குண்டைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எஃப்.பி.ஐ. எடுத்த நல்ல முடிவு, ஆழத்தை முன்னால் வைத்தது. ராணுவ மருத்துவர் மார்ட்டின் ஃபாக்லர் சான் ஃபிரான்சிஸ்கோவின் லெட்டர்மன் ராணுவ ஆய்வகத்தில் பன்றித் தசைக்கு இணையாக ஜெலட்டின் கட்டியைத் தயாரிக்கும் முறையைச் சீராக்கி வைத்திருந்தார். நூற்றுக்குப் பத்துப் பங்கு ஜெலட்டின், நாலு டிகிரி குளிர். சுடுவதற்கு முன் ஒரு சின்ன எஃகு மணியை அளந்த வேகத்தில் அதற்குள் செலுத்தி, சரியான ஆழத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். நிற்காவிட்டால் அந்தக் கட்டி கழிக்கப்படும். இந்தக் கட்டிக்குள் குண்டு குறைந்தது 12 அங்குலம் போகவேண்டும், 18-ஐத் தாண்டக் கூடாது என்று எஃப்.பி.ஐ. வரையறுத்தது. வெறும் கட்டியில் சுட்டால் போதாது. கனத்த துணி, தகரம், சுவர்ப்பலகை, பிளைவுட், கார்க் கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் முன்னால் வைத்தும் சுடவேண்டும்.

மனித நெஞ்சு பன்னிரண்டு அங்குலம் கனமில்லையே என்று தோன்றும். நேராக நின்று நெஞ்சைக் காட்டுகிறவரைச் சுடுவதாக இருந்தால் ஏழெட்டு அங்குலமே போதும்தான். ஆனால் துப்பாக்கியை நீட்டியபடி நிற்கிறவரின் கைகள் நெஞ்சுக்கு முன்னால் இருக்கும். அவர் பக்கவாட்டில் திரும்பியிருக்கலாம், குனிந்திருக்கலாம். டோவின் குண்டு முதலில் பட்டது கையில். அந்தக் குண்டு பழுதான குண்டும் இல்லை. அந்தக் காலத்து நாகரிகப்படி, சீக்கிரம் விரிந்து சீக்கிரம் நிற்கும்படி செய்யப்பட்ட 115 கிரெயின் (சுமார் ஏழரை கிராம்) எடையுள்ள, முனையில் குழி வைத்த ஹாலோ பாயிண்ட்; அதனிடம் கேட்டதை அது செய்தது.

இந்த இடத்தில் எஃப்.பி.ஐ. ஒரு சுற்று வழி போனது. குறை குண்டின் வடிவத்தில் என்று அறிக்கை சொன்னாலும், நிறுவனம் காலிபரை மாற்றியது. 10 மி.மீ. ஆட்டோ என்ற பலமான தோட்டாவைப் பிடித்தார்கள். முழு வேகத்தில் அதைச் சுடுவது கையைப் பதம் பார்த்தது, துப்பாக்கியும் கனம். மருந்தைக் குறைத்து 180 கிரெயின் குண்டை மிதமான வேகத்தில் அனுப்பினார்கள். மருந்தைக் குறைத்ததும், அவ்வளவு நீளமான தோட்டா எதற்கு என்ற கேள்வி வந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் சேர்ந்து தோட்டாவை வெட்டிக் குட்டையாக்கி, 9 மி.மீ. துப்பாக்கியின் அளவுச் சட்டத்துக்குள் அடங்கும்படி 1990-இல் கொண்டுவந்ததுதான் .40 எஸ். அண்ட் டபிள்யூ. பத்து மில்லிமீட்டர் பக்தர்கள் அந்த இரண்டு எழுத்துக்கும் ‘ஷார்ட் அண்ட் வீக்’ என்று விரிவு சொல்லிக் கிண்டல் செய்தார்கள். அமெரிக்கப் போலீஸோ அப்படியே அந்தப் பக்கம் சாய்ந்தது. 1997-இல் எஃப்.பி.ஐ.யும் குளாக் நிறுவனத்தின் .40 பிஸ்டலுக்கு மாறியது.

2014 மே மாதம் அதே எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவு, 9 மி.மீ.க்கே திரும்பலாம் என்று ஒரு விளக்கக் குறிப்பு எழுதியது. அதன் வாதம் எளிமையானது. இந்த இருபத்தைந்து வருஷத்தில் ஹாலோ பாயிண்ட் குண்டுகளை வடிவமைப்பது எங்கோ போய்விட்டது. நல்ல 9 மி.மீ. குண்டு இப்போது அதே 12-18 அங்குல வரம்புக்குள் நிற்கிறது, விரிந்தும் கொடுக்கிறது. அந்த அளவை எட்டிவிட்ட பிறகு, .40-உம் .45-உம் உடம்பில் செய்யும் கூடுதல் சேதம் கண்டுபிடிக்கக்கூடிய அளவுக்கு இல்லை. மறுபக்கம், போலீஸ்காரர்கள் சுடும் குண்டுகளில் சராசரியாக நூற்றுக்கு இருபது முப்பதுதான் எதிராளி மேல் படுகிறது. சுடுகிறவர்களில் பெரும்பாலோர் 9 மி.மீ.யில் வேகமாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள். மேகசினில் கூடுதலாக இரண்டு குண்டு பிடிக்கும். அதே அளவுள்ள குளாக்கில் .40 என்றால் 15, ஒன்பது என்றால் 17. வேறென்ன வேண்டும்?

அதற்கப்புறம் ஊர் ஊராகப் போலீஸ் நிலையங்கள் .40 துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்பதுக்கு மாறின. அந்தப் பழைய துப்பாக்கிகள் அமெரிக்கக் கடைகளில் மலிவாக மலைபோல் குவிந்தன. இன்றைக்கும் செலவைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு அது நல்ல பேரம்தான், தோட்டா விலை கூடுதல் என்பதைப் பொருட்படுத்தாவிட்டால்.

.45 தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். விரிந்த ஒன்பதின் விட்டம் பதினாலு பதினைந்து மில்லிமீட்டர் என்றால், விரிந்த .45-இன் விட்டம் பதினெட்டுப் பத்தொன்பது இருக்கும். ஒரு பெரிய ரத்தக் குழாயின் ஓரத்தை மயிரிழையில் தவறவிடும் குண்டுக்கும் தொட்டுவிடும் குண்டுக்கும் அந்த வித்தியாசம் போதும். ஆனால் அந்தச் சந்தர்ப்பம் அபூர்வம். இல்லினாய் மாநிலத்தில் சிகாகோவுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்கோக்கியில் 2008-இல் நடந்தது வேறு மாதிரி. ரோந்து போலீஸ்காரர் ஒருவர் வங்கிக் கொள்ளையன் ஒருவனோடு ஒரு நிமிடத்துக்கும் குறைவான சண்டையில் .45 பிஸ்டலால் 33 குண்டுகள் சுட்டார். 14 பட்டன. அவற்றில் பல, காலப்போக்கில் உயிரை எடுத்திருக்கும் காயங்கள். ஆனாலும் தலையில் படும் வரை அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். சண்டை முடியும்போது அந்தப் போலீஸ்காரரிடம் மிஞ்சியிருந்தவை நாலே குண்டுகள். அதற்கப்புறம் அவர் .45-ஐ விட்டுவிட்டு 9 மி.மீ.யும் 145 தோட்டாக்களும் சுமந்துகொண்டு பணிக்குப் போக ஆரம்பித்தார். பெரிய குண்டு வேண்டும் என்று மயாமியில் கற்ற பாடத்தை, நிறைய குண்டு வேண்டும் என்று இவர் திருப்பி வாசித்தார்.

இவ்வளவும் 9, .40, .45 ஆகிய மூன்றுக்கும் இடையிலான பேச்சு. அதற்குக் கீழே இறங்கினால் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்ற பேச்சு எடுபடாது. .380-இல் குண்டின் ஆற்றல் 9 மி.மீ.யின் ஏறக்குறைய பாதி. இங்கே இரண்டில் ஒன்றைத்தான் பெறமுடியும்: குண்டு விரிந்தால் 12 அங்குலம் போகாது, போனால் பெரும்பாலும் விரிந்திருக்காது. .32, .22 இன்னும் கீழே. இவற்றில் விரிவதைக் கைவிட்டு ஆழத்தைப் பிடித்துக்கொள்வதுதான் விவரம் தெரிந்தவர்கள் செய்வது; திண்மையான குண்டு, சின்ன ஓட்டை, ஆனால் போய்ச் சேரும். .22-க்கு இன்னொரு குறை உண்டு. அதன் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து விளிம்பில் தடவப்பட்டிருக்கும். நடுவில் பொட்டு வைத்த தோட்டாக்களைவிட அது வெடிக்காமல் ஏமாற்றுவது அதிகம்.

இரண்டு அங்குலப் பேரல் கொண்ட குட்டி .38 ரிவால்வரும் இந்தக் கணக்கில்தான் வரும். பேரல் குட்டையானதால் குண்டுக்கு வேகம் எடுக்க இடமில்லை. வேகமில்லாத ஹாலோ பாயிண்டின் குழியில் சட்டைத் துணி அடைத்துக்கொள்ளும். அப்புறம் அது விரியாது. ஆகவே பழைய கைகள் அதில் இலக்குப் பயிற்சிக்குப் போடும் தட்டைமூக்கு வாட்கட்டர் தோட்டாவைப் போட்டுக்கொள்கிறார்கள். அது விரிவதாக வாக்குக் கொடுப்பதே இல்லை; சுத்தமாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டு ஆழமாகப் போகும், கையையும் அதிகம் உதைக்காது. இதே குட்டி ரிவால்வரில், 350 கிராமுக்கும் குறைந்த எடையில் .357 மேக்னம் போட்டுச் சுட விற்கிறார்கள். ஐந்து குண்டுதான் பிடிக்கும். இரண்டாவது குண்டைச் சுடவே பலருக்கு மனம் வராது. கடை விளக்கில் அழகாகத்தான் இருக்கும்.

பின்னுதைப்பு என்பது வலி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. முதல் குண்டு சுட்டதும் துப்பாக்கியின் மூக்கு மேலே எழும்பும்; அது இறங்கி மறுபடி குறியில் வந்து நிற்கும் வரைக்கும் இரண்டாவது குண்டு கிடையாது. காலிபர் பெரிதாக, துப்பாக்கி எடை குறைய, இந்த இடைவெளி நீளும். தற்காப்புச் சுடல் பயிற்சியாளர்கள் புதிதாக வருகிறவர் கையில் மூன்று காலிபரையும் கொடுத்து, ஏழு கெஜத்தில் ஐந்து ஐந்து குண்டு வேகமாகச் சுடச்சொல்லிக் காகிதத்தைப் பார்க்கச் சொல்வார்கள். வாதம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். மூட்டுவாதம் உள்ள கைகளுக்கு, பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுப்பதே பெரிய பாடு. அப்படிப்பட்டவர்களுக்கு நல்ல 9 மி.மீ.யைவிட இலகுவாக இழுக்க வரும் .380 மேலான தேர்வு. ஏட்டில் உள்ள ஜூல் கணக்கு அதன் பிறகுதான்.

குண்டின் வடிவம் என்று வந்துவிட்டால் இந்தியாவைத் தொடாமல் போக முடியாது. முனை விரியும் குண்டுக்கு உலகம் முழுக்க வழங்கும் ‘டம் டம்’ என்ற பெயர், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள டம் டம் ஆயுதச் சாலையிலிருந்து வந்தது. வடமேற்கு எல்லைப் போர்களில் மோதிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் ராணுவத்துக்காக 1890-களில் அங்கே அந்தக் குண்டைச் செய்தார்கள். 1899-இல் ஹேக் மாநாடு விரியும் குண்டுகளைப் போரில் தடை செய்தது. போரில் தடை செய்ததைப் போலீஸ்காரரும் வீட்டுக்காரரும் எப்படிப் பயன்படுத்தலாம் என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவிலேயே நியூ ஜெர்ஸி மாநிலம் வீட்டுக்கு வெளியே ஹாலோ பாயிண்ட் வைத்திருப்பதற்கு நெடுநாளாகக் கட்டுப்பாடு போட்டிருக்கிறது. ஆனால் விரியாத குண்டு உடம்பைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும்; அந்தப் பக்கம் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். நியூயார்க் போலீஸ் ரிவால்வரிலிருந்து 9 மி.மீ. பிஸ்டலுக்கு மாறிய சமயத்தில் முழு உறை போட்ட, விரியாத குண்டுகளைத்தான் கொடுத்தது. துளைத்துப் போன குண்டுகள் வழிப்போக்கர்களையும் சக போலீஸ்காரர்களையும் காயப்படுத்திய பிறகு, 1998-இல் ஹாலோ பாயிண்டுக்கு மாற முடிவெடுத்தார்கள்.

விரியும் குண்டாக இருந்தாலும், குறி தவறினால் ஒன்றும் செய்வதற்கில்லை. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே கொலைகாரன் ஒருவனை இரண்டு போலீஸ்காரர்கள் 16 குண்டுகள் சுட்டு வீழ்த்தினார்கள். குண்டுகளும் தெறித்த துண்டுகளும் பட்டு வழிப்போக்கர்கள் ஒன்பது பேர் காயமடைந்தார்கள். வீட்டுக்குள்ளும் இதே கதைதான். அமெரிக்க வீடுகளின் உள்சுவர் செங்கல் இல்லை. மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை. பன்னிரண்டு அங்குலம் தசையில் போகக்கூடிய எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் அப்படிப்பட்ட சுவர்கள் இரண்டு மூன்றைக் கடந்து பிள்ளைகள் படுக்கும் அறைக்குப் போய்விடும். ‘சுவரைத் துளைக்காத காலிபர்’ என்று யாராவது விற்றால், அது ஆளையும் சரியாகத் துளைக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டவர்கள். வீட்டில் துப்பாக்கி வாங்கி வைக்கிறவர் கணக்குப் போடவேண்டிய ஆபத்துகளில், எந்த காலிபர் என்பது அனேகமாகக் கடைசி வரிசை. பெட்டிக்குப் பூட்டு இருக்கிறதா, சாவி யாரிடம் என்பது முதல் வரிசை.

சரி, அமெரிக்கர் ஒருவர் இன்றைக்கு இதையெல்லாம் கேட்டுவிட்டு என்ன செய்வார்? கைக்கு அடங்கும் அளவில், பத்துக்குக் குறையாமல் குண்டு பிடிக்கும் 9 மி.மீ. பிஸ்டல் ஒன்று வாங்குவார். எஃப்.பி.ஐ. சோதனையில் தேறிய ஹாலோ பாயிண்ட் வகை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதே துப்பாக்கியில் கணிசமாகச் சுட்டுப் பார்ப்பார். துப்பாக்கி சிக்கிக்கொள்ளாமல் ஓடுகிறதா என்பது சுட்டால்தான் தெரியும், பெட்டியில் எழுதியிருக்காது. மிச்சப் பணத்தை மலிவான பயிற்சித் தோட்டாவில் போடுவார். மலிவு என்பது ஒன்பதுக்குச் சாதகமான வாதங்களில் சாதாரணமானது இல்லை. அதே பணத்துக்குக் கூடுதலாகச் சுட முடிகிறவர் கூடுதலாகத் தேறுகிறார்.

இந்தியாவில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. ராணுவமும் போலீஸும் வைத்துக்கொள்ளும் 9 மி.மீ. போன்ற ரகங்கள் சாதாரணக் குடிமகனுக்குத் தடை. 1959-இன் ஆயுதச் சட்டப்படி உரிமம் கிடைத்தாலும் கைத்துப்பாக்கியில் எடுக்கக் கிடைப்பது பெரும்பாலும் .32-தான். 2019-இல் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். கான்பூர் அரசுத் தொழிற்சாலை 2014-இல் பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்ற ஆறு குண்டு ரிவால்வரை வெளியிட்டது. எடை அரைக்கிலோ, விலை ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி. அதுவும் .32-தான். அந்தத் தோட்டாவின் ஆற்றல் 9 மி.மீ.யின் மூன்றில் ஒரு பங்கு அளவு, விரியாத ஈயக் குண்டு, உதைப்பு குறைவு. ஆழம் என்ற ஒரு பரீட்சையில் அது பாஸாகிவிடக்கூடியதுதான், ஆகவே ‘.32 எல்லாம் துப்பாக்கியா’ என்ற ஏளனத்தை நான் ஏற்கமாட்டேன்.

இங்கே இடிப்பது வேறு இடத்தில். நூறு வருஷச் சண்டைக்குப் பிறகு அமெரிக்கர்கள் கண்டுபிடித்தது பயிற்சிதான் முக்கியம் என்பதை. இங்கே உரிமம் வைத்திருப்பவர் வருஷத்துக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. கடையில் கிடைப்பது விலை கூடுதல். சுட்டுப் பழக ரைஃபிள் கிளப் இருக்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் கொஞ்சம்தான். பலரும் வாங்கிய அன்று இரண்டு குண்டு சுட்டுப் பார்த்ததோடு சரி. தேர்தல் அறிவிப்பு வந்தால் பெரும்பாலும் அந்த .32-ஐயும் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வரவேண்டியிருக்கும்.